வடிதுணிக்கு அகப்படாதது

தண்ணீரைத் துணியில் வடித்துக் குடிக்கும் வழக்கத்தை ஜைனர்கள் தேக ஆரோக்கியத்தை உத்தேசித்தே கைக்கொண்டார்கள் என்று சொல்வாருண்டு. ஆனால் துணியில் தங்கியதைத் தரையில் உதறிவிடாமல், மொண்ட கிணற்றுக்கே பதனமாகத் திருப்பிச் சேர்க்க வேண்டுமென்று அவர்களுடைய ஆசாரம் விதித்திருப்பதைப் பார்த்தால், குடிப்பவனுடைய வயிற்றைக் காட்டிலும் கண்ணுக்குப் புலப்படாத ஜீவராசிகளின் பிராணனே அங்கே பெரிதாக மதிக்கப்பட்டது என்பது விளங்கும். பௌத்த பிக்ஷுவுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டு உடைமைகளிலும் நீர்வடிகட்டி ஒன்று. 1674-இல் டச்சு ஆராய்ச்சியாளர் லேவன்ஹூக் ஏரித் தண்ணீரைக் கண்ணாடி வில்லையின் வழியே நோக்கி அந்தச் சிற்றுயிர்களைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய தர்மம் இது.

அத்துணிக்கு அகப்படாத ஒன்றை இன்று நாமே தண்ணீரில் விடுகிறோம். நாற்றம் எழாதிருக்கும்பொருட்டுச் சில காலுறைகளில் சேர்க்கப்படும் வெள்ளி நுண்துகள், மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறுக்குள் அடங்குவது. துவைக்கும்போது அதில் ஒரு பங்கு கழன்று போகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பெரும்பகுதி கந்தகத்தோடு கூடி வீரியம் இழக்கிறது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். எஞ்சியது நீர்நிலையை அடைந்து, மெல்லக் கரைந்து, வெள்ளி அயனிகளை வெளியிட, அவை பாக்டீரியாவின் புரதங்களைப் பற்றிக்கொண்டு அதன் சுவாசத்தையே குலைக்கின்றன. பாசியின் ஒளிச்சேர்க்கையும் தளர்கிறது. கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்குப் பகுதியில் 222 என்று இலக்கமிட்ட ஏரியில், 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் விஞ்ஞானிகள் இத்துகளை வேண்டுமென்றே கலந்து பார்த்தபோது, வெள்ளி மீனின் ஈரல்வரை சென்று தங்கிற்று. (ஓர் ஏரியையே சோதனைக் குழாயாக்கலாமா என்பது தனி வழக்கு.)

‘குளத்து உயிரைக் கொல்ல நான் நினைக்கவில்லையே’ என்று காலுறைக்காரர் கேட்கக்கூடும். சேதனையே, அதாவது மனத்தின் உத்தேசமே, கர்மம் என்பது பௌத்தம். ஆகவே அறியாமல் மிதிபட்ட எறும்புக்காக அது யாரையும் குற்றவாளியாக்குவதில்லை. ஜைன ஆசாரியரான உமாஸ்வாதியோ, பிரமாதத்தினால், அதாவது அஜாக்கிரதையினால், பிராணனைப் போக்குவதே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரத்தில் இலக்கணம் வகுத்தார். நம் காலுறைக்காரர் இரண்டு நியாயஸ்தலங்களிலும் தப்ப முடியாது. ஏனெனில் அந்த வெள்ளி, நுண்ணுயிரைக் கொல்லும் என்பதற்காகவே விலைகொடுத்து வாங்கப்பட்டது. கொல்லும் சங்கல்பம் கடையிலேயே பூர்த்தியாயிற்று. துவைத்த நீர் எங்கே போகிறது என்று கேளாதது பிரமாதம். தீப்புண்ணில் வெள்ளி மருந்து தடவும் வைத்தியரை இவ்வழக்கில் இழுக்க எனக்கு மனமில்லை. அவர் முன்னே ஓர் உயிர் துடிக்கிறது. கால் நாற்றத்துக்குச் சவுக்காரமும் வெயிலும் போதும்.