இன்னுமா மருந்து?

நோயாளியைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழங்களோடு போகிறோம். அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் கட்டிலைச் சுற்றி உறவினர் நிற்கிறார்கள். ஆனால் நம் இரக்கத்திற்கு ஒரு கால எல்லை உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். அதற்குள் நோயாளி எழுந்து நடமாட வேண்டும்; அல்லது நாம் மாலையோடு வரும்படி ஆகிவிட வேண்டும். இரண்டும் இல்லாமல் பத்து ஆண்டுகளாக, இருபது ஆண்டுகளாக ஒருவர் ஆஸ்துமாவோடும் சர்க்கரை நோயோடும் வலிப்பு நோயோடும் நம்மிடையே நடமாடிக்கொண்டேயிருந்தால், அவரிடம் என்ன கேட்பது என்று நமக்குத் தெரிவதில்லை. தெரியாதபோது நாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இன்னுமா மருந்து?"

அந்தக் கேள்வியை நாமே ஒருமுறை கேட்டோம்.

முன்பு நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், பாடகர் குழுவில் ஒரு பெண் இருந்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியை, முப்பது வயதைத் தாண்டியவர். குழந்தைப் பருவத்திலிருந்தே அவருக்கு இழுப்பு. ஆயினும் அவர் பாடும்போது அப்படியொரு நோய் அவருக்கு உண்டென்று எவரும் சொல்லமுடியாது. ஐந்தரை மணித் திருப்பலிக்கு ஓடிவந்த ஒரு காலையில், வீட்டில் எடுக்க நேரமில்லாமற் போன மருந்தைக் கோவிலின் பக்கவாசலில் நின்று எடுத்துக்கொண்டிருந்தார். இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தி, மூச்சை உள்ளிழுத்து நிறுத்தியிருந்தார். "என்னம்மா, இன்னுமா இதை விடவில்லை? நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, திருப்பலி உடை அணியச் சென்றுவிட்டோம். கேட்டதையும் அன்றே மறந்துவிட்டோம்.

மூன்று மாதம் கழித்துத் திருவருகைக் காலத்தில், இரவு இரண்டு மணிக்கு அவரை ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினார்கள். ஒரு வாக்கியத்தை முழுதாய்ச் சொல்ல மூச்சு இல்லை; உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்தார். பேச முடிந்த அன்று நாம் சென்று பார்த்தபோது, பாவ அறிக்கை செய்பவர்போல் தலையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நான்தான் தப்புப் பண்ணிட்டேன் சாமி. நீங்க கேட்ட அன்னைக்கே நிறுத்திட்டேன். மூணு மாசமா ஒண்ணும் ஆகல. குணமாயிருச்சுன்னு நெனச்சேன்."

குறை சொல்லும் தொனி அதில் சிறிதும் இல்லை. அதனால்தான் அது நம்மை விட்டு அகலவில்லை. தவறு யாருடையது?

நமக்கு மருத்துவம் தெரியாது. அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கியதையும், பின்னர் நாமே படித்தறிந்ததையும் சொல்லுகிறோம். ஆஸ்துமா என்பது மூச்சு முட்டும் இரவில் மட்டும் இருக்கும் நோய் அன்று. மூச்சுக்குழாய்களின் உட்சவ்வு ஓயாத அழற்சியில் இருக்கிறது. தூசியோ, புகையோ, சளிக்காய்ச்சலோ, குளிர்ந்த காற்றோ பட்டவுடன் குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, சவ்வு வீங்குகிறது, சளி அடைக்கிறது. இதற்கு இருவகை மருந்துகள் உண்டு. சால்பியூட்டமால் போன்றவை இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். மற்றது, உள்ளே இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து, அழற்சியைத் தணிக்கும். அதன் பயன் தெரிய நாட்களாகும், சில வேளை வாரங்களாகும். எடுத்த கணத்தில் அது எந்தச் சுகத்தையும் தருவதில்லை. எனவே நோயாளி முதல் மருந்தைத் தோழனாகவும், இரண்டாவதை வீண்செலவாகவும் கருதுகிறார். உயிரைக் காப்பதோ பெரும்பாலும் இரண்டாவதுதான். நிவாரண மருந்தை மட்டும் தனியே நம்பியிருக்கும் சிகிச்சையைப் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இனிப் பரிந்துரைப்பதில்லை என்று, ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டு அமைப்பு 2019-இல் அறிவித்தது.

நம் ஊர்களில் இன்ஹேலரைப் பற்றி நிலவும் அச்சம் தனிக் கதை. "பழகிவிடும்", "கடைசிக் கட்டத்தில் கொடுப்பது", "பெண் பிள்ளைக்கு வேண்டாம்" என்பார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முதலில் அலமாரிக்குள் போவது அந்தச் சிறு கருவிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. மாத்திரை விழுங்குபவர் இருபது மடங்கோ நாற்பது மடங்கோ மருந்தை உடல் முழுவதற்கும் அனுப்பிவிட்டு, இன்ஹேலரைக் கண்டு அஞ்சுகிறார். வாயால் இழுக்கும் ஸ்டீராய்டின் அளவும் மைக்ரோகிராம் கணக்குத்தான். எடுத்தபின் வாயைக் கொப்பளித்தால் வாய்ப்புண்ணையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். இது அறியாமை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெண் அறியாதவர் அல்லர். மருந்தின் பெயரையும் அளவையும் நம்மைவிட நன்கு அறிந்தவர். அவரை நிறுத்த வைத்தது அறியாமை அன்று, வெட்கம். அதை அன்று காலையில் அவருக்குக் கொடுத்தவர்கள் நாம்.

இங்கேதான் அறநெறிச் சிக்கல் எழுகிறது. நெடுநாள் நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி தொடர்ந்து எடுப்பவர்கள், வளர்ந்த நாடுகளிலும் சராசரியாகப் பாதிப்பேர்தாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. மருந்துக்குக் குறைவில்லாத நாடுகளிலும் இந்த நிலை. பாதிப்பேர் செய்யத் தவறும் ஒன்றை அவரவர் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியுமா? அறநெறி இறையியல் பயின்ற நாளில், ஒரு செயல் குற்றமாவதற்கு அறிவும் முழு இசைவும் வேண்டும் என்று படித்தோம். வலியில் துடிப்பவன் மருந்தைத் தேடுவதற்கு எந்த நற்பண்பும் தேவையில்லை. வலியே அவனைத் தள்ளிக்கொண்டு போகும். எந்த வலியும் இல்லாத செவ்வாய்க்கிழமைக் காலையில், வேலைக்குப் போகும் அவசரத்தில், நேற்றும் எடுத்த அதே மருந்தை இன்றும் எடுப்பதற்கு எது தள்ளும்? அங்கே வேண்டுவது துணிவு அன்று, ஒருவகைப் பற்றுறுதி. துறவற இல்லங்களில் மணியடித்தவுடன் செபத்திற்கு எழும் பழக்கம் போன்றது அது. அதையும் நாம் தனியாக அறையில் இருந்துகொண்டு கடைப்பிடிக்கவில்லை. மணியடிக்க ஒருவர் இருந்தார். உடன் எழுவோர் இருந்தனர். நோயாளியை மட்டும் தனியே எழச் சொல்லுகிறோம்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பணிசெய்பவர். முதலில் நிற்பவர் நோயாளியே என்பதைக் கவனிக்க வேண்டும். நெடுநாள் நோயில் இந்த வரிசை மிகவும் பொருந்துகிறது. மருத்துவர் ஆண்டுக்குச் சில முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் பார்க்கிறார். மற்ற நாளெல்லாம் நோயாளிதான் தமக்கு மருத்துவர். நான்காமவரை நாம் பெரும்பாலும் கட்டிலருகே விசிறுபவராகவே கற்பனை செய்கிறோம். கட்டிலே இல்லாத நோயில் அவருக்கு என்ன வேலை? வாசலில் கேட்கும் ஒரு கேள்வியும் அவர் பணியில் சேர்ந்ததே என்று நாம் அறிந்திருக்கவில்லை.

நெடுநாள் நோய் என்பதே ஒருவகையில் மருத்துவம் நமக்கு ஈந்த கொடை என்பதும் மறக்கத்தக்கதன்று. 1922 சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் அவ்வகைச் சர்க்கரை நோய் நெடுநாள் நோயே அன்று. குறுகிய காலத்தில் சாவு. அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். நோய் தீரவில்லை, ஊசி நிற்கவில்லை, ஆனால் வாழ்ந்தான். "இன்னுமா ஊசி?" என்று அவனை எவரேனும் கேட்டிருந்தால், "ஆம், இன்னும்" என்பதே அவன் பெற்ற நற்செய்தி.

குணம் என்ற சொல்லைத் தமிழில் நாம் இரண்டு பொருளில் ஆளுகிறோம். நோய் நீங்குவதும் குணம். ஒருவருடைய இயல்பும் குணம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் வாழ்ந்த யூத மருத்துவர் மைமோனிதஸ், அரச குடும்பத்து நோயாளி ஒருவருக்காக ஆஸ்துமாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். (குருமடத்தில் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும், புனித தோமா அக்குவினார் 'ரபி மோசே' என்று மேற்கோள் காட்டுபவர் அவர்தாம்.) நூலின் பெரும்பகுதி உணவு, உறக்கம், காற்று, மனநிலை ஆகியவற்றைப் பற்றியது. முதற் பொருளில் அவர் குணம் தர முயன்றதைவிட, இரண்டாவது பொருளில் நோயாளியின் குணத்தை ஒழுங்குசெய்ய முயன்றது அதிகம் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒரே நாளில் தீர்ந்துவிட வேண்டும் என்னும் ஏக்கத்தை நாம் எள்ளவில்லை. ஆண்டுதோறும் சூன் மாதத்தில் ஹைதராபாத்தில், உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மருந்துக் குழம்பை வைத்து விழுங்குவதற்காக ஆயிரக்கணக்கான ஆஸ்துமா நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். அம்மருந்தின் பயன் அறிவியல் ஆய்வில் நிறுவப்படவில்லை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வரவேண்டும் என்று அங்கும் சொல்லுகிறார்கள் என்பது வேறு செய்தி. அந்த வரிசையைப் பார்த்துச் சிரிக்கும் நாம், நம் செபக்கூட்டங்களில் "மருந்தை விட்டுவிட்டேன்" என்று ஒருவர் சாட்சி சொல்லும்போது கைதட்டுகிறோம். மருந்தை விடாமல் எடுக்கிறேன் என்று எவரும் சாட்சி சொன்னதாக நமக்கு நினைவில்லை. பவுலின் உடலில் பட்ட துணிகளே நோயாளிகளைக் குணமாக்கின என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்லுகிறது. ஆனால் அடிக்கடி நோயுற்ற திமொத்தேயுவுக்கு எழுதும்போது அத்தகைய துணி எதையும் அனுப்பியதாக மடலில் இல்லை. வயிற்றின் பொருட்டுச் சிறிது திராட்சை மது சேர்த்துக்கொள் என்று, வீட்டுப் பெரியவர் பத்தியம் சொல்வதுபோல் எழுதியிருக்கிறார். அந்த வரியின்மேல் நாம் இதுவரை ஒரு மறையுரைகூட ஆற்றியதில்லை.

மன உறுதியை மட்டும் பேசுவதும் அநீதியாகிவிடும். நாட்கூலி பெறுபவருக்கு, ஒன்றும் செய்யாத மாதத்தில் இன்ஹேலருக்குப் பணம் எடுத்து வைப்பது, பள்ளிக் கட்டணத்தோடு போட்டியிடும் காரியம். விறகடுப்புப் புகையில் சமைக்கும் தாய்க்குப் புகையைத் தவிர் என்று எழுதிக் கொடுத்து என்ன பயன்? இன்ஹேலரை எப்படி அழுத்தி எப்படி இழுப்பது என்று செய்து காட்ட நேரமில்லாத புறநோயாளிப் பிரிவுகளும் உண்டு. தவறாக இழுத்த மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது நமக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. மாத்திரையின் விலை ஒருபுறம் இருக்க, ஒருவர் வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வள்ளுவரின் நான்காமவர் அவர்தாம் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த ஆசிரியையிடம் மருத்துவமனையிலேயே மன்னிப்புக் கேட்டோம். "ஐயோ, அதெல்லாம் வேண்டாம் சாமி" என்று பதறினார். இப்போதும் அவர் பாடுகிறார் என்று கேள்வி. நாம் அந்தப் பங்கை விட்டு மாறிவந்து நெடுநாளாகிவிட்டது. இதற்கிடையில் நமக்கும் இரத்த அழுத்தம் என்று சொல்லி, வாழ்நாள் முழுவதும் காலையில் ஒரு மாத்திரை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அதைத் திருப்புகழ்மாலைப் புத்தகத்தின் பின்னால், விருந்தினர் கண்ணில் படாதபடி வைத்திருந்தோம். சென்ற ஆண்டு அவர் தம் மகளின் புதுநன்மைக்கு அழைக்க வந்தபோது, புத்தகத்தை நகர்த்துகையில் அட்டை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தவர், அதில் எத்தனை மாத்திரை மீதமிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"இன்னைக்கு எடுத்தீங்களா சாமி?" என்று கேட்டார்.

எடுத்திருக்கவில்லை.