மையலுற்றோரும் உறையுளும்: ஓர் அறவியல் வினா

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், இந்திர விழாக் காலத்துப் புகார் வீதியில் மையலுற்ற ஒருவன் திரிகிறான். அலரி மாலையும் எருக்க மாலையும் அணிந்தவன்; கந்தலோடு சுள்ளிகளைச் சேர்த்து உடையாகக் கட்டியவன்; அழுகிறான், விழுகிறான், ஓடுகிறான், தன் நிழலோடு பூசலிடுகிறான். அவன் பின்னே ஒரு கூட்டம் நிற்கிறது. சாத்தனார் அக்கூட்டத்தை எள்ளி நகைப்போராகக் காட்டவில்லை. செய்வதறியாது வருந்துவோராகவே காட்டுகிறார். ஆயினும் காப்பியம் அவனைக் கடந்து செல்கிறது. பின்னர் எக்காதையிலும் அவன் வருவதில்லை.

பிறர் துயர் கண்டு வருந்துதல் அறத்தின் தொடக்கம் மட்டுமா, அதுவே அறமாகவும் அமையுமா என்னும் வினாவை இக்காட்சி எழுப்புகிறது. பசியைப் பொறுத்தவரை காப்பியத்தின் விடை தெளிவானது. மணிமேகலை அமுதசுரபியுடன் உலக அறவி புகுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு மன்னனை வேண்டிப் பெறுகிறாள். மையலுக்கு அத்தகைய பாத்திரம் ஏதும் அங்கு இல்லை.

இன்றைய சிற்றூர்களின் நிலையும் இதனின்று பெரிதும் வேறன்று. பேருந்து நிறுத்தத்தில் கிடக்கும் ஒருவருக்குத் தேநீர்க் கடைக்காரர் தேநீர் தருகிறார். எவரோ மீந்த சோறு தருகிறார். பொங்கலுக்குப் பழைய வேட்டியும் கிடைக்கிறது. உண்டி, உடை, உறையுள் என நாம் அடுக்கிச் சொல்லும் மூன்றில் முதலிரண்டை ஊர் தந்துவிடுகிறது. மூன்றாவதைத் தருவதில்லை. அவர் பெயரை வினவுவோரும் அரியர். இதனை இரக்கமின்மை என்று கூறுவது நேர்மையாகாது. இரக்கம் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது என்பதே உண்மை.

உறையுள் என்பது வெறுங்கூரை அன்று என்பதற்கு ஏர்வாடி சான்று. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. அங்கிருந்தோருள் பலர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர். தருகாவை நம்பி நோயாளிகளை அவ்வூருக்கு அழைத்து வந்தோர் பெரும்பாலும் அவர்தம் உறவினரே. அண்மையில் மருத்துவம் இல்லை. அயலாரின் ஏச்சு உண்டு. இரவெல்லாம் காவல் இருக்க ஆள் இல்லை. அந்நிலையில் அன்புடையோரே சங்கிலிக்கு உடன்பட்டனர் என்பதுதான் இந்நிகழ்வில் நம்மை மிகுதியும் அலைக்கழிப்பது.

மதிலுக்குள் வைத்தலே தீர்வு எனக் கருதிய மரபு நெடியது. அந்தமான் செல்லுலார் சிறையில் வதைக்கப்பட்டு மனநிலை பிறழ்ந்த விடுதலைப் போராளி உல்லாஸ்கர் தத்தர், அங்கிருந்து சென்னை மனநோய் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். ஒரு மதிலினின்று மற்றொரு மதிலுக்கு. 1912ஆம் ஆண்டுப் பித்தர் சட்டமும், தெருவில் திரிவோரைக் காவலர் பிடித்து நீதித்துறை நடுவர் முன் நிறுத்தி மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பும் வழியையே வகுத்தது. 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் இம்மரபினின்று விலகுகிறது. எவ்வகையிலும் சங்கிலியிடுதலை அது தடை செய்கிறது. திரிவோரைக் காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ வைத்தலாகாது என்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்னும் காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருத்தலாகாது என்னும் 19ஆம் பிரிவு, அறவியல் நோக்கில் இச்சட்டத்தின் உயிர்ப்பகுதி எனலாம். அங்ஙனமாயின் அவர் எங்குச் செல்வார்?

வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகிய இருவரால் 1993இல் சென்னையில் தொடங்கப்பெற்ற தி பேனியன் அமைப்பு, வீடற்ற மனநோயுற்ற பெண்களுக்காகப் பணியாற்றி வருவது. நலமுற்றோரை ஊர் சேர்த்தல் அதன் பணிகளுள் ஒன்று. இத்தகைய பணியில் மொழிக்குப் பெரும்பங்கு உண்டு. ஊர்ப்பெயரை மறந்தவரும் தம் வட்டார வழக்கை எளிதில் மறப்பதில்லை; ஓர் உறவுமுறைச் சொல்லோ உணவின் பெயரோ முகவரிக்கு வழி காட்டிவிடும். ஆயினும் திரும்பிச் செல்ல இல்லமற்றோர் பலர். அவர்களுக்காக 2015இல் 'ஹோம் அகெய்ன்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. நால்வர் ஐவராகச் சேர்ந்து சாதாரணக் குடியிருப்பில் வாடகை வீட்டில் வாழ்கின்றனர். துணைக்கு உதவியாளர் ஒருவர் இருக்கிறார். முதலில் நலம், பின்னர் வீடு என்னும் வழக்கமான வரிசை இங்கு மாறுகிறது. வீடு நலத்திற்குப் பரிசாக அமையாமல் நலத்தின் முன்நிபந்தனையாகிறது.

தெருவிலேயே இருக்க விரும்புவேன் என ஒருவர் கூறின் யாது செய்வது? அவர் விருப்பத்தை மதித்தல் அறம். ஆனால் தேர்ந்தெடுக்க இரண்டு இடங்கள் இல்லாத ஒருவரின் விடையை விருப்பம் என்று கொள்ளுதல் நமக்கு வசதியான ஏற்பாடு மட்டுமே. கொல்கத்தாவின் ஈஸ்வர் சங்கல்ப அமைப்பு இதற்கு ஓர் இடைவழியைக் காட்டுகிறது. அதன் பணியாளர்கள் தெருவில் வாழ்வோரிடம் பலமுறை சென்று பழகி, அவ்விடத்திலேயே மருத்துவம் தருகின்றனர்; அப்பகுதித் தேநீர்க் கடைக்காரர் போன்றோரையே பராமரிப்பாளராக்குகின்றனர். புகார் வீதியில் வருந்தி நின்றோருக்கு இல்லாதிருந்த வேலை இவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. இம்முறை பெருநகரத்தில் உருவானது. மருத்துவர் தொலைவிலும், ஒருவரையொருவர் அறிந்த மக்கள் அண்மையிலும் உள்ள சிற்றூருக்கு இது இன்னும் பொருந்துவது என்பது என் கருத்து.

எஞ்சுவது வீட்டு உரிமையாளரின் மறுப்பு. சோறிட்ட கை வாடகைக்கு வீடு தரத் தயங்குகிறது. சோறு கொடுத்தவுடன் உறவு முடிந்துவிடும். வீடு கொடுத்தால் அண்டை வீட்டாராக நாள்தோறும் முகம் பார்க்க வேண்டும். வீடு என்ற சொல்லுக்கு வீடுபேறு எனப் பொருள் காட்டி ஈண்டு நயம் கூறுதல் வேண்டா. வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்படும், சாவி உள்ள, இன்று என்ன குழம்பு வைப்பது என்று உள்ளிருப்போரே முடிவு செய்யும் வீடே இங்குப் பேசப்படுவது.