காத்திருப்பவரிடம் என்ன சொல்வது?

கரவெட்டியில் நண்பரொருவரின் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். யுத்தகாலத்தில் நெல்லியடிச் சந்திக்குப் போன மகன் திரும்பவேயில்லை. வீட்டில் தாயும் மருமகளும் இருக்கிறார்கள். தம்மை அடையாளங்காட்டாமல் எழுதலாம் என்ற சம்மதத்தோடுதான் இருவரும் பேசினர். அந்த அமானிதத்தைக் காத்தே இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் உளவளத்துணையாளர் ஒருவர் வந்து, இருவரையும் ஒன்றாக இருத்தி, அவர் இனி வரமாட்டார் என்பதை ஏற்றுக்கொள்ளச் சொன்னாராம்.

"அந்தப் பிள்ளை நல்ல மனதோடைதான் சொன்னவ, தம்பி. ஆனால் நான் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி செய்தால், நானே அவனைச் சாகக்குடுத்த மாதிரியெல்லோ?" என்றார் தாய்.

மருமகள் அப்போது வாய்திறக்கவில்லை. நான் விடைபெறும்போது படலைவரை வந்து, "மாமி காத்திருக்கட்டும், அண்ணை. நானும் சாகுமட்டும் காத்திருக்க வேணுமெண்டு எல்லாரும் நினைக்கினம்" என்றார்.

இழப்பு ஒன்று, தேவைகள் இரண்டு. இருவருக்கும் ஒரே ஆலோசனையைச் சொன்னதில் இருவருமே கைவிடப்பட்டார்கள்.

உண்மையை எடுத்துச் சொல்வது ஆலோசகரின் கடமையல்லவா, காத்திருப்பே நோயாகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மகன் இறந்தான் என்பது எவருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது எப்படி உண்மையாகும்? வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க வீரர்களின் மனைவியரை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ், இதனைத் தெளிவற்ற இழப்பு என்றார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற இரண்டையும் ஒருசேரத் தாங்கி வாழப் பழகுவதற்கே துணைநிற்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

நமக்கும் இது அந்நியமானதல்ல. 1990 ஜூலையில் காத்தான்குடிக்குத் திரும்பும் வழியில் குருக்கள்மடத்தில் கடத்தப்பட்டவர்களின் வீட்டார் ஜனாஸாவையே காணவில்லை. காணாமற்போனவனை ஃபிக்ஹு நூல்கள் மஃப்கூத் என்கின்றன. உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பைப் பின்பற்றி, அவன் மனைவி நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து மறுமணம் செய்யலாம் என்கிறது மாலிக்கி மத்ஹப். ஷாஃபிஈ மத்ஹபின் பிந்திய கருத்தோ உறுதியான செய்தி கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறது. நம் நாட்டில் பெரும்பாலானோர் ஷாஃபிஈக்கள் என்பதால் இது நாமும் பேசவேண்டிய விடயம்.

முந்திய தீர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. அவன் மெய்யாகவே இறந்தானா என்பதற்கு விடை கிடைக்காமலே மனைவிக்கு வாழ வழி பிறக்கிறது. தாயின் நம்பிக்கையைப் பறிக்க வேண்டிய அவசியம் அதில் இல்லை. 2016இல் இலங்கைச் சட்டத்தில் வந்த காணாமற்போனமைச் சான்றிதழும் ஏறத்தாழ இத்தகையதே. மரணச் சான்றிதழ் பெறாமலேயே குடும்பத்தினர் சில அலுவல்களை நிறைவேற்றிக்கொள்ள அது இடந்தருகிறது.

ஆகவே ஆலோசகர் முதலில் இருவரையும் தனித்தனியே கேட்டிருக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கொண்டுபோகாதிருக்க வேண்டும். ஊரே ஒன்றுக்கொன்று உறவான கரவெட்டியில் இது இலேசான காரியமல்ல. முடிவை அவர்களிடமே விட்டிருக்கவும் வேண்டும். துக்கத்துக்குத் தவணை குறிக்கும் அதிகாரம் ஆலோசகருக்கு இல்லை.

படலையடியில் அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு பதிலும் சொல்லவில்லை. "மாமியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தேன்.