கைப்பிடி அரிசி

உலைக்கு அரிசி அளக்கும்போது அம்மா ஒரு காரியம் செய்வார். படியில் அளந்து முறத்தில் கொட்டிப் புடைத்து, கல் பொறுக்கி, எல்லாம் முடிந்தபின் அதிலிருந்து ஒரு பிடியைத் திருப்பி எடுப்பார். அடுப்பங்கரை மூலையில், உப்புச் சாடிக்குப் பக்கத்தில், மூடி போட்ட ஒரு சின்ன மண்பானை உண்டு. அந்தப் பிடி அதற்குள் போகும். காலிப் பானையில் முதல் பிடி விழும்போது கலகலவென்று சத்தம் வரும். இரண்டு மூன்று நாளில் அந்தச் சத்தம் அடங்கிவிடும். அரிசிமேல் அரிசி விழுவது யார் காதுக்கும் கேட்காது.

பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் கேட்டார். "என்ன அண்ணி, அளந்து கொட்டிட்டு மறுபடி எடுக்கிறீங்க? மூட்டையிலேருந்தே எடுத்துடலாமே."

"மூட்டையிலேருந்து எடுத்தா மூட்டைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. உலைக்கு அளந்ததுலேருந்து எடுத்தாத்தான் வயித்துக்குத் தெரியும்" என்றார் அம்மா.

"யாருக்கு?"

"கோயிலுக்கு."

இருவருக்கும் அந்தச் சொல் பொதுவானது. அத்தைக்குக் கோயில் என்றால் எங்கள் திருக்கோகர்ணத்தில் பாறையைக் குடைந்து எழுப்பிய கோகர்ணேசுவரர் கோயில். அதில் குடியிருக்கும் பிரகதாம்பாள். அம்மாவுக்குக் கோயில் என்றால் ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும் ஓட்டுக்கூரை தேவாலயம். மாதத்தின் முதல் ஞாயிறு அந்தப் பானை அரிசி துணிப்பைக்கு மாறி, காணிக்கைப் பெட்டிக்கு அருகே மற்ற பைகளோடு உட்கார்ந்துகொள்ளும். ஆராதனை முடிந்ததும் ஏலம். யாராவது எடுப்பார்கள், காசு சபைக்குச் சேரும். ஒரு முறை நான் அம்மாவின் பிடியைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து கிராம் இருக்கும். நாளுக்கு இரண்டு உலை. மாதத்துக்கு இரண்டு கிலோ.

இந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் பிறந்ததல்ல. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லில் அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலி மக்கள். "உங்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்தார்கள். தோர்ணக்கல் பேராலயம் பல ஆண்டுகள் மெல்ல மெல்ல எழும்பி 1939-இல் பிரதிஷ்டையானது. மிசோரமிலும் 1910 முதல் சபைப் பெண்கள் இதையே செய்துவருகிறார்கள். அடுத்த வேளைக்கு இருக்குமா என்று தெரியாத ஒருவர் கொடுப்பவராக மாறுவது சின்னக் காரியமல்ல. அந்த ஒரு பிடியால் அவருக்குத் தலை நிமிர்ந்துவிடுகிறது.

எங்கள் ஊருக்கும் ஒரு பிடி அரிசிக் கதை இருக்கிறது. எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில், நவராத்திரி நாட்களில் அரிசி தானம் செய்யும்போது கூடவே ஒரு சிறு செப்புக்காசும் கொடுப்பார்கள். ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் "விஜய" என்ற சொல். அதுதான் அம்மன் காசு. இருபது காசு சேர்ந்தால் ஒரு அணா. முந்நூற்றிருபது சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தில் பள்ளிக்கூட நாட்களில் அதைப் பார்த்தபோது, என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தோன்றியது. அந்தக் காசால் அம்மனுக்கே அரைக்காசு அம்மன் என்று பேர் வந்துவிட்டது. எதையாவது தொலைத்தவர்கள் அவளுக்கு வெல்லம் நேர்ந்துகொள்வார்கள். ஞாயிறு பள்ளியில், எருசலேம் தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையைச் சொன்னபோது என் கண்ணுக்குத் தெரிந்தது எருசலேம் நாணயம் இல்லை, இந்த அம்மன் காசுதான். இன்றும் அப்படித்தான் தெரிகிறது.

1987-இல் அப்பா படுத்தார். திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். இருபத்து மூன்று நாள் அம்மா அங்கேயே இருந்தார். இருபத்து நாலாம் நாள் அப்பாவின் உடலோடு வண்டியில் திரும்பி வந்தார். எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஏழு.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அம்மாவுக்கு ஜெபம் வரவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்று பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். மாலையில் விளக்கேற்றியதும் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வார், திறக்க மாட்டார். கோயிலில் எல்லாரும் பாடும்போது எழுந்து நிற்பார், வாய் அசையாது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாம் நன்மைக்கே என்றும், கர்த்தர் வழி திறப்பார் என்றும் சொன்னார்கள். அவர்கள் மனதாரச் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தைகள் பெரிய பாறாங்கல் போலக் கனமாக இருந்தன. தூக்க அம்மாவிடம் பலம் இல்லை. காலையிலும் மாலையிலும் அந்தப் பிடி மட்டும் தவறவில்லை. ரேஷன் அரிசி உண்ட மாதங்களில் ரேஷன் அரிசி. கஞ்சிக்கு நொய் போட்ட நாட்களில் நொய்.

பல வருஷம் கழித்துக் கேட்டேன்: "ஜெபமே வராதப்ப இதை மட்டும் எப்படிம்மா விடாம செஞ்சே?"

"ஜெபத்துக்கு வார்த்தை வேணும். இதுக்குக் கைதானே வேணும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் சாறிபாத் விதவையின் கதை எனக்குப் புரியத் தொடங்கியது. பஞ்ச காலம். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். இரண்டு விறகு பொறுக்கி, அடை சுட்டு, மகனோடு சாப்பிட்டுவிட்டுச் சாக வேண்டியதுதான் என்று அவள் கணக்கை முடித்துவிட்டாள். அந்த நேரத்தில் எலியா தீர்க்கதரிசி வந்து, முதலில் எனக்கொரு சின்ன அடை கொடு என்று கேட்கிறார். சிறுவனாகக் கேட்டபோது இது எனக்கு அநியாயமாகவே பட்டது. கொடுத்த பிறகு அவள் பானை வழிய வழிய நிறைந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். வேதத்தில் அப்படி இல்லை. மாவு தீர்ந்துபோகவில்லை என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் மறுநாள் காலை அவள் பானையைத் திறந்தபோதும் அடியில் ஒரு பிடிதான் கிடந்திருக்கும். அதற்கு மறுநாளும் ஒரு பிடி. தினமும் பயப்படக் காரணம் இருந்தது. தினமும் அன்றைக்கு ஒரு அடை சுடவும் மாவு இருந்தது. ஆண்டவரும் தம் சீஷர்களுக்கு இன்றைய அப்பத்தைத்தான் கேட்கச் சொல்லிக்கொடுத்தார். வருஷத்து நெல்லைக் கேட்கச் சொல்லவில்லை.

நம் மொழியில் நம்பிக்கை என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. எங்கள் பழைய வேதாகமத்தில் இறைவனைப் பற்றிக்கொள்வதற்கு விசுவாசம் என்றும், வரப்போகும் நன்மைக்குக் காத்திருப்பதற்கு நம்பிக்கை என்றும் போட்டிருக்கும். கத்தோலிக்கச் சகோதரர்கள் முன்னதை நம்பிக்கை என்பார்கள், பின்னதற்கு எதிர்நோக்கு என்று ஓர் அழகான சொல் வைத்திருக்கிறார்கள். 2025 யூபிலி ஆண்டில் எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனாலும் அம்மாவை நினைக்கும்போது கொஞ்சம் தயங்குவேன். அந்த வருஷம் எதிரே நோக்க அவருக்கு என்ன இருந்தது? பள்ளிக்கூடச் செலவும், கடன்காரர் முகமும்தான். அவர் எதிரே பார்க்கவில்லை, குனிந்து பானைக்குள் பார்த்தார். விசுவாசித்த நாட்களில் கை பழகிக்கொண்ட ஒரு காரியம், விசுவாசிக்க முடியாத நாட்களில் அவரைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு பிடியை எடுத்துவைப்பவர், வாய் சொல்லாவிட்டாலும், அந்த ஞாயிறு வரும் என்று கையால் சொல்லிவிடுகிறார். மனம் பின்னால் வரட்டும் என்று கை முன்னால் போகிறது. அம்மாவுக்கு மனம் வந்து சேர ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. மறுவருஷக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாமாலைப் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, மெல்லிய குரலில் பாடினார்.

அப்பாவின் அடக்கம் முடிந்து நாலாம் நாள்தான் எங்கள் வீட்டில் மறுபடி அம்மா உலை வைத்தார். அதுவரை அத்தை வீட்டுச் சோறு. அப்பா திருச்சியில் இருந்த இருபத்து மூன்று நாளும் அத்தைதான் எங்கள் அடுப்பங்கரைக்கு வந்து, எங்கள் பாத்திரத்தில், எங்களுக்குச் சமைத்துப்போட்டார். வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றிக் குங்குமத்தோடு நேரே வருவார். அவர் அரிசி அளப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை அம்மா படியில் அளந்து முறத்தில் கொட்டினார். ஓர் ஆளுக்குக் குறைத்து அளந்தார். கல் பொறுக்கினார். பழக்கத்தில் கை ஒரு பிடியை எடுத்தது. மூடியைத் திறந்து, பார்க்காமலேயே போட்டது. ஒரு மாதமாகத் தொடாத பானை. சத்தம் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பானைக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை அரிசி இருந்தது.