விருப்பமில்லாமலே செய்யும் பாவம்

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005ஆம் ஆண்டில் 11 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம். எல்லோரும் சூதாட்டத்தில் சிக்கியிருந்தார்கள். மூளையில் குறைந்துபோன டோபமினுக்குப் பதிலாக வேலை செய்யும் மாத்திரைகள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலோர் சாப்பிட்டது பிராமிபெக்சோல். மாத்திரையைக் குறைத்தும் நிறுத்தியும் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்த 8 பேரிடமும் சூதாட்ட வெறி அடங்கிவிட்டது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு இதை உறுதிசெய்தது. இவ்வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.1 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், கண்டதையெல்லாம் வாங்கிக் குவிப்பது, அடங்காத காமம், தீனி வெறி ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. சாப்பிடாதவர்களில் அது 6.9 சதவீதம். பிரான்ஸில் இப்படிச் சேமிப்பையெல்லாம் இணையச் சூதாட்டத்தில் இழந்து, திருடும் நிலைக்குப் போன ஒரு நோயாளிக்கு, மருந்து நிறுவனம் சுமார் 1,97,000 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது.

திருடிய கை அவருடையதுதான். ஆசைப்பட்ட மனமும் அவருடையதே. ஆசையின் வேகத்தை மட்டும் ஒரு மாத்திரை கூட்டிவிட்டது. அப்படியானால் பாவம் யாருடையது?

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் இதையேதான் கேட்கிறான்: விருப்பமில்லாதபோதும் யாரோ பலவந்தமாகப் பிடித்துத் தள்ளுவதுபோல மனிதன் ஏன் பாவம் செய்கிறான்? நல்லது கெட்டது தெரியாதவன் கேட்கும் கேள்வியன்று இது. தெரிந்தும் தடுக்க முடியாதவனின் கேள்வி. கண்ணன் அவனைத் திட்டவில்லை. மன உறுதி போதாது என்று சொல்லவில்லை. காமத்தையும் குரோதத்தையும் எதிரி என்று பெயரிட்டுக் காட்டுகிறான். அந்த எதிரி புலன்களிலும் மனத்திலும் புத்தியிலும் குடியிருப்பதைச் சொல்லி, முதலில் புலன்களைக் கட்டச் சொல்கிறான். எதிரி உள்ளேயே இருக்கிறான், ஆனால் அவன்தான் நீ என்று சொல்வதில்லை. இந்த நுட்பம் நம் வீட்டுப் பேச்சில் இல்லாமல் போனது பெரிய இழப்பு. 'திருட்டுப் பயல்', 'முன்கோபி', 'தறுதலை' என்று செயலை ஆளின் மேலேயே பச்சை குத்திவிடுகிறோம்.

சட்டம் அர்ஜுனன் கேட்டதைக் கேட்பதில்லை. 1843இல் லண்டனில், பிரதமரின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற டேனியல் மெக்நாட்டன் மனநோய் காரணமாக விடுவிக்கப்பட்டார். அதையொட்டி எழுந்த விதியின் வழியில்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு வந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. செய்யும்போது தான் செய்வது என்னவென்றும் அது தவறென்றும் அறிய முடிந்ததா என்று மட்டுமே அது பார்க்கிறது. அடக்க முடிந்ததா என்பது அதன் கேள்வியில் இல்லை. தவறென்று தெரிந்தும் அந்த வேகத்தை அடக்க முடியாத உந்துதல் கோளாறு உள்ளவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்திருப்பதுதான் அவருடைய வேதனை.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013இல் இக்கோளாறுகளுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. தேவையோ விலைமதிப்போ இல்லாத பொருளைத் திருடும் வேகம், தீ வைக்கும் வேகம், சிறு சீண்டலுக்கும் வெடிக்கும் ஆத்திரம், பிள்ளைகளின் எதிர்ப்பு மனநிலை, நடத்தைக் கோளாறு எல்லாம் அதில் வருகின்றன. இவற்றுள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது நடத்தைக் கோளாறு. அடிதடி, விலங்குகளைச் சித்திரவதை செய்வது, பொய், திருட்டு, வீட்டைவிட்டு ஓடுவது என்று 15 அடையாளங்கள் கொண்ட பட்டியல் அது. கடந்த 12 மாதத்தில் குறைந்தது மூன்றும், அவற்றில் ஒன்றாவது கடைசி 6 மாதத்துக்குள்ளும் இருந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். ஒருமுறை பேனா திருடிய பிள்ளைக்கு அது பொருந்தாது.

இங்கே புனித அகஸ்தீனை நினைக்காமல் இருக்க முடியாது. இன்றைய அல்ஜீரியாவில் 354ஆம் ஆண்டு பிறந்த அவர், பதினாறு வயதில் கூட்டாளிகளோடு இரவில் ஒரு பேரி மரத்தை உலுக்கிப் பழங்களைத் திருடினார். பசியில்லை. வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது. திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். பின்னாளில் ஆயரான பிறகு, 'ஒப்புதல்கள்' நூலின் இரண்டாம் பாகத்தில் இந்தச் சின்னத் திருட்டையே தோண்டித் தோண்டி எழுதுகிறார்: எதற்காகத் திருடினேன்? அவர் எட்டிய விடைகளில் ஒன்று, தனியாக இருந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்பது.

உளவியலாளர் டெரி மொஃபிட் 1993இல் சொன்னதும் இதற்கு மிக அருகில் இருக்கிறது. விடலைப் பருவத்தில் தவறு செய்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பருவத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கூட்டாளிகளைப் பார்த்துச் செய்து, வளர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். சிறு பிள்ளையிலேயே தொடங்கி வயதான பிறகும் தொடர்பவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். அவர்களிடம் நரம்பு வளர்ச்சியில் இருந்த குறையும் வீட்டின் கொடுமையும் ஒன்றையொன்று வளர்த்திருக்கும். முதல் கூட்டத்தைக் குற்றவாளி என்று ஒதுக்கினால் திரும்பி வரும் வழியை நாமே அடைக்கிறோம். இரண்டாம் கூட்டத்தைப் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டால், உதவ வேண்டிய வயது கடந்துவிடும்.

அடித்துத் திருத்தலாம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பாட்டர்சன் பல ஆண்டுகள் வீடுகளுக்குள் உட்கார்ந்து கவனித்ததை அறிய வேண்டும். தாய் ஒன்றைச் சொல்கிறாள், பிள்ளை கத்துகிறான், அலுத்துப்போய் அவள் விட்டுவிடுகிறாள், அவன் அமைதியாகிறான். கத்தினால் நடக்கும் என்று பிள்ளையும், விட்டால் நிம்மதி என்று தாயும் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த முறை குரல் இன்னும் உயர்கிறது. ஒருநாள் கை ஓங்குகிறது. வலுத்த கைதான் வெல்லும் என்ற பாடத்தைப் பிள்ளை பள்ளிக்கு எடுத்துச் செல்கிறான். இந்தச் சுழலை உடைக்கும் பெற்றோர் பயிற்சியைத்தான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி 3 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கிறது. மருந்தை வழக்கமான சிகிச்சையாக அது சொல்வதில்லை. நல்லது செய்தால் உடனே பாராட்டு, மீறினால் சிறிய, தவறாமல் வரும் விளைவு, அடி கிடையாது. பிள்ளையைத் திருத்தும் வேலை பெரியவர்களிடம் தொடங்குகிறது.

அப்படியானால் செய்தவர் பொறுப்பிலிருந்து தப்பிவிடுகிறாரா? இல்லை. பௌத்தம் இதற்கு அங்குலிமாலனின் கதையை வைத்திருக்கிறது. பலரைக் கொன்று விரல்களை மாலையாக அணிந்தவன் துறவியாகிறான். பிடிக்க வந்த பசேனதி மன்னன், திருந்தியவனைக் கண்டு தண்டிக்காமல் காணிக்கை தர முன்வருகிறான். ஆனால் பிச்சைக்குப் போகும் அந்தத் துறவிமேல் கல் விழுகிறது. மண்டை உடைந்து இரத்தம் ஒழுக வந்தவரிடம், பொறுத்துக்கொள், இது உன் வினையின் பயன் என்கிறார் புத்தர். வெறுப்பு இல்லை, தள்ளுபடியும் இல்லை. தமிழின் பௌத்தக் காப்பியமான மணிமேகலையிலும் மணிமேகலை மன்னனிடம் கேட்கும் வரம், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பதுதான்.

இங்கிலாந்தில் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களோடு பணியாற்றிய தத்துவவாதி ஹன்னா பிக்கார்டு இதைப் 'பழியில்லாத பொறுப்பு' என்கிறார். 'உன்னால் முடியாது' என்று சொன்னால் நோயாளி கைவிடப்படுகிறார். 'நீ கெட்டவன்' என்று சொன்னால் சிகிச்சையை விட்டு ஓடுகிறார். இதை நீ செய்தாய், இனிச் செய்யாமலிருக்க நீ கற்றுக்கொள்ள முடியும், கூட நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லும்போதுதான் மாற்றத்துக்கு இடம் கிடைக்கிறது. கீதையையும் அங்குலிமாலன் கதையையும் படித்து வளர்ந்த சமூகத்துக்கு இது அந்நியமான பேச்சாக இருக்கக் கூடாது.

வீட்டில் நடுக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர் இருந்தால், செலவும் ஆசையும் திடீரென்று மாறுகின்றனவா என்று கவனியுங்கள். மாறினால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அடங்காத பிள்ளையைக் காவல் நிலையத்துக்கோ மந்திரவாதியிடமோ இழுத்துச் செல்வதற்குமுன் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண் இரவும் பகலும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.