அறியாமையும் குற்றமாகுமோ?

பழம்பொருளை விற்பவன் அதன் குறைகளை வாங்குவோனிடம் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவனா என்னும் கேள்வி புதிதன்று. ரோமாபுரி அறிஞர் சிசரோ, கி.மு. 44-இல் தம் மகனுக்கென எழுதிய கடமை பற்றிய நூலில் இதனை விரிவாக ஆராய்கின்றார். குறையுள்ள வீட்டை விற்பவன் அக்குறையைச் சொல்லாதிருக்கலாமோ என்பது அவர் காட்டும் உதாரணங்களுள் ஒன்று. சட்டம் கேட்பதைச் சொன்னாற் போதும், வாய் பேசாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பர் பாபிலோனியராகிய டயோஜினிஸ். (பீப்பாயில் வாழ்ந்த டயோஜினிஸ் வேறொருவர்.) அவர்தம் மாணாக்கர் ஆன்டிபேட்டரோ, விற்பவன் அறிந்த யாவற்றையும் வாங்குவோனும் அறிதல் வேண்டும் என்பர். சிசரோ மாணாக்கர் பக்கமே சாய்ந்தார். நாமும் அப்பக்கமே.

நிற்க. இவ்வழக்கில் அகப்படாத மூன்றாவது மனிதன் ஒருவன் உளன். அவனைக் காட்டுதற்குப் பழைய மோட்டார்ப் படகு ஒன்றே போதும்.

1959-இல் ஸ்வீடன் தேசத்து வோல்வோ பென்டா கம்பெனியார் ஸ்டெர்ன் டிரைவ் என்னும் அமைப்பைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். இதில் இயந்திரம் படகினுள்ளே இருக்கும். விசிறியைச் சுழற்றும் பின்கால் மட்டும் படகின் பின்புறத்தே வெளியில் தொங்கும். இரண்டையும் இணைக்கும் தண்டு பின்பலகையில் இட்ட துவாரம் ஒன்றின் வழியே செல்கிறது. அத்துவாரம் நீர்மட்டத்திற்குக் கீழே உள்ளது! கடலுக்கும் படகுக்கும் இடையே நிற்பது ஒரு ரப்பர்த் துருத்தியேயன்றி வேறில்லை. பின்கால் இடமும் வலமும் திரும்புதற்கும் மேலே உயர்தற்கும் ஏற்ப அது வளைந்து கொடுக்கின்றது. ரப்பரின் குணத்தைத் தோட்டத்திற் பிறந்தார்க்கு யாம் விளக்க வேண்டுவதில்லை. இத்துருத்தி பெரும்பாலும் செயற்கை ரப்பரால் ஆயதேனும், வெயிலும் ஓயாத மடிப்பும் அதனையும் நாளடைவில் வெடிக்கச் செய்யும். முதலில் நீர் கசியும். உள்ளிருக்கும் பேரிங் துருவேறும். சுக்கானைத் திருப்புங்கால் உறுமும். முற்றிலும் கிழிந்துவிடின், துறையிற் கட்டிய படகு ஆளில்லா இரவில் அடியில் அமிழ்ந்து கிடக்கவும் கூடும்.

ஆதலின் ஆண்டிற்கொருமுறை பின்காலைக் கழற்றித் துருத்தியின் மடிப்புகளை விரித்துப் பார்த்தலும், பேரிங்கை விரலாற் சுழற்றிப் பார்த்தலும், தண்டிற்கு மசகு இடுதலும் முறையாகும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்ததென்று அறியலாம். குளிர்நீரை இறைக்கும் இம்பெல்லரின் இதழ்களையும் உரிய காலத்தில் மாற்றல் வேண்டும். உப்புநீரில் ஓடும் படகாயின் துத்தநாகக் கட்டிகள் சில பொருத்தியிருப்பர். அவை தாம் கரைந்து பின்காலின் அலுமினியத்தைக் காப்பன. விற்கும் ஆவலில் சிலர் அக்கட்டிகளின் மீதும் வர்ணம் பூசிவிடுவர். பூசியபின் அவை காவா. ஆயினும் படகு பளபளக்கும்.

இனி நம் மூன்றாவது மனிதனைக் காண்போம். ஏழாண்டுகள் படகை ஓட்டினான். ஒருநாளேனும் பின்காலைக் கழற்றினானில்லை. விற்கும்போது, "எனக்குத் தெரிந்தவரையில் குறை ஒன்றுமில்லை" என்கிறான். அவன் சொல்லில் ஓர் எழுத்தும் பொய்யன்று. அறியாததை மறைத்தான் என்று ஆன்டிபேட்டரும் அவன்மீது குற்றஞ்சாட்ட இயலாது. மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும், பொருளின் தரத்திற்கு அத்தொழில் செய்யும் வாணிகனைப் பொறுப்பாக்குகிறதேயன்றி, தன் படகை ஒருமுறை விற்கும் இவனைப் பொறுப்பாக்குவதில்லை. எல்லாரும் விடுவித்தனர். ஆனால் வாங்கியவன் தன் மனைவி மக்களை அப்படகில் ஏற்றிக்கொண்டு கரை மறையும் தூரம் செல்வானன்றோ?

அறிய இயலாமை வேறு, அறிய விரும்பாமை வேறு என்பதே நம் கருத்து. ஏன் பார்த்திலன் என்று அவன் நெஞ்சைக் கேளுங்கள். பார்த்தாற் செலவு வரும் என்றஞ்சியே பாராதிருந்தானாயின், பாதி அவன் அறிந்ததேயாகும். கிடங்குச் சாமான்களை எண்ணாமலே 'இருப்புச் சரி' என்று எழுதும் கிராணியை, "பாவம், அறியாதவன்" என்று எந்தத் துரையும் மன்னித்ததாக நாம் கேள்வியுற்றதில்லை.

அற்றேல், கையிற் பணமில்லாத ஏழை தன் பழம்பொருளை விற்குமுன் மெக்கானிக்கை அழைத்துப் பிரித்துப் பார்த்தே தீரவேண்டுமோ என வினவுவர் சிலர். இவ்வினா நேர்மையானது. அங்ஙனம் விதிப்போமாயின் பழம்பொருள் விற்பனையே செல்வர்க்கு மட்டும் உரியதாய்விடும். ஆதலின் அவ்வளவு நாம் கேட்கவில்லை. "நான் பார்த்ததில்லை" என்று சொல்லுக என்பதே நாம் கேட்பது. "தெரிந்தவரையில் குறையில்லை" என்பதும் "பார்த்ததில்லை" என்பதும் ஒரே அறிவின் இரு வடிவங்கள். முன்னது வாங்குவோனை உறங்கச் செய்யும், பின்னது அவனை விழிக்கச் செய்யும்.

வாங்குவோனும் கண்மூடியிருத்தல் தகாது. துருத்தி மாற்றியது எவ்வாண்டில் என்று கேட்கட்டும். எண்ணெயில் ஒரு துளி எடுத்து விரலிடைத் தேய்த்துப் பார்க்கட்டும். ஆனால் அவன் மடியில் அமர்ந்து செல்லும் குழந்தை யாரைக் கேட்கும்? அதன்பொருட்டே விற்பவன் வாய்திறத்தல் வேண்டுமென்கிறோம்.

படகுடையார் பழுதுபார்த்த நாட்களைக் குறித்த சிறு நோட்டுப் புத்தகம் ஒன்றைப் படகுடன் சேர்த்துக் கொடுப்பாராயின் நலம். ஒன்றும் எழுதப்படாத புத்தகமாயினும் கொடுக்கலாம். வெற்றுப் பக்கங்களைக் காண்பவன் விலையைக் குறைத்துக் கேட்பான். மிஞ்சிய பணத்தில், படகை நீரில் இறக்குமுன் துருத்தியை மாற்றிக்கொள்வான்.