அழையாமலே வருவான்!

"பாதுகாப்புக் குழுவிலே பங்குபெற அழைக்கிறோம், தொழிலாளர் வர மறுக்கிறார்கள்!" ஆலை நடத்துவோர் பலர் பாடும் பல்லவி இது. அக்கறையற்றவனா தொழிலாளி? சுழலும் சக்கரத்தருகே இருப்பது அவன் விரல். நச்சுக் காற்றை முதலில் நுகர்வது அவன் நாசி. தன் உயிர்மீது அவனுக்கே அக்கறையில்லை என்பது அறியாமை மட்டுமல்ல, அநீதியுமாகும்.

போபாலை எண்ணிப் பார்ப்போம். 1981 டிசம்பரில் அந்நகரின் பூச்சிமருந்து ஆலையிலே நச்சுவாயு தாக்கித் தொழிலாளி ஒருவர் மாண்டார். ஆபத்து சூழ்ந்திருக்கிறதென்று தொழிற்சங்கத்தார் எச்சரித்தனர். கேட்கும் செவி இல்லை. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது, உறங்கிய ஊர் சுடுகாடாயிற்று, ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். விதியா அது? அல்ல! இயந்திரத்தைப் பேணாமையின், எச்சரித்தவர் சொல்லை மதியாமையின் விளைவு!

அப்பேரழிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில் நடக்கும் ஆலைகளிலே, தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டுமென்றது. 2020இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அக்குழுவைக் கைவிடவில்லை. சட்டம் நாற்காலி தரும், மதிப்பைத் தருமா? அதை மனம் அல்லவா தரவேண்டும்!

"விபத்தில்லாத மாதத்துக்கு வெகுமதி" என்று ஆசை காட்டுவோர் உளர். விளைவென்ன? வெகுமதி பறிபோகுமே என்றஞ்சி, வெட்டுண்ட விரலைத் துணியால் மறைப்பான் தொழிலாளி. காயம் குறையாது, கணக்குத்தான் குறையும்.

நாம் கூறும் வழி எளிது. குழு உறுப்பினரைத் தொழிலாளரே தேர்ந்தெடுக்கட்டும். குழுவில் அமரும் நேரம் ஊதியமுள்ள வேலை நேரமாகட்டும். குறை சொன்னவனைக் 'குழப்பக்காரன்' என்று குறித்துவைக்கும் வழக்கம் ஒழியட்டும். அவன் சுட்டிய பழுதை யார், எந்நாளுக்குள் சீர்செய்வார் என்பது அறிவிப்புப் பலகையிலே எழுதப்படட்டும். இயலாதெனில் காரணம் கூறப்படட்டும். தன் சொல்லால் இயந்திரத்தைச் சுற்றி ஒரு தடுப்பு எழுந்ததைக் கண்ணாரக் கண்டவன், அடுத்த கூட்டத்துக்கு அழையாமலே வருவான்.

பாதுகாப்பு, முதலாளி வழங்கும் சலுகையல்ல, உழைப்பவனின் உரிமை. உரிமைக்கு உடையவனுக்கு உபதேசம் எதற்கு? அவன் உரைக்கு மதிப்பளியுங்கள். தன் உயிரையும் தோழன் உயிரையும் காக்க அவனே முன்வருவான்!